மலிவாக முடித்துக் கொடுத்த வேலை

என் கடைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். 'உங்களுக்குத் தேவையில்லாததை இங்கே விற்பதில்லை.' யோங்சான் கம்ப்யூட்டர் சந்தையின் மூன்றாவது மாடியில் அதைப் படித்துவிட்டுச் சிரிக்காத கடைக்காரர் கிடையாது. பக்கத்துக் கடை மான்-சிக் வாரம் ஒரு தடவையாவது, "அதக் கிழிச்சுப் போடுங்கக்கா, என் கடைக்கு வர்றவனும் அதையே எதிர்பாக்குறான்" என்பான். அவனும் நானும் இருபது வருஷமாக ஒரே தடுப்புச் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து உருப்படியான பாகங்களை விற்பது அவன் தொழில். விளையாட்டுக் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். ப்ராசஸரை மாற்றினால் போட்ட காசுக்குத் தகுமா? நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். என்ன விளையாடுகிறாய், எங்கே திணறுகிறது, இந்தப் பெட்டியை இன்னும் எத்தனை வருஷம் வைத்துக்கொள்வாய். பதிலைக் கேட்டுவிட்டுப் பத்தில் ஏழு பேரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் வாடிக்கையாளரிடம் பொய் சொன்னது கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

போன ஜூலையில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம் தாக் இன்-ஹோ என்பவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. நகரப் பேருந்து ஓட்டுநர்களின் நீலச் சட்டை. கம்ப்யூட்டரை இளஞ்சிவப்புத் துணியில் வைத்து, பண்டிகைக்குப் பழக்கூடை கட்டுவதுபோல் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. அவர் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். துணியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இதுக்கு ஒரு நல்ல ப்ராசஸர் போட்டுக் கொடுங்க முதலாளியம்மா. இருக்குறதுலயே நல்லதா" என்றார்.

இருக்கிறதிலேயே நல்லது என்று யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வரும். அப்படிக் கேட்பவர்களைத் தலையில் தட்டி மிச்சம் இல்லாமல் கறந்துவிடும் கடைகள் இதே மாடியில் இருக்கின்றன. என் மூன்று கேள்விகளையும் கேட்டேன். ஒரே ஒரு விளையாட்டு, தீவில் வீடு கட்டித் தோட்டம் போடுகிற விளையாட்டு. தினமும் ஒரு மணி நேரம். பெட்டி மகளுடையது. மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தார்.

தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற விளையாட்டுக்கு இருக்கிறதிலேயே நல்ல ப்ராசஸரா என்று கேட்டேன். அதை மாற்றினால் மதர்போர்டை மாற்ற வேண்டும், ரேமை மாற்ற வேண்டும், பத்து லட்சம் வோன் கிட்டப் போகும், சத்தியமாகத் தகாது என்றேன். உங்கள் மகளையே வரச் சொல்லுங்கள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் துணி முடிச்சைத் தடவிக்கொண்டே நின்றார். "அவ கால இழுக்குறா முதலாளியம்மா. அதான் கொண்டு வந்தேன்" என்றார்.

மகள் நடக்க முடியாதவள் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பொடிக் காபி கலந்து காகிதக் கோப்பையில் கொடுத்தேன். அவர் குடிக்காமல், பெட்டியைப் பிரித்து ஒயர்களை மாட்டச் சொன்னார். திறக்கிற எண்ணை அவரே அழுத்தினார். மகளின் பிறந்தநாள். விளையாட்டு எதுவும் கேட்காமல் தானாகத் திறந்துகொண்டது.

திரையில் ஒரு சின்ன மரவீடு. உள்ளே விளக்குப் பக்கத்தில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் 'முதல் பஸ்' என்று பெயர். இது என்ன பெயர் என்று கேட்டேன். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிற முதல் பேருந்தை இருபத்திரண்டு வருஷமாகத் தான் ஓட்டுவதாகவும், மகள் அதையே பெயராக வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

அந்தப் பெண்ணை எழுப்பி வீட்டுக்கு வெளியே, தூறலில் நடத்தினார். தோட்டத்தில் நன்றாகத்தான் நடந்தாள். தீவின் சந்தைக்குள் நுழைந்ததும் சிக்கல் தெரிந்தது. விளையாட்டில் வசந்த காலத்தில் வந்த புது மாற்றத்துக்குப் பிறகு சந்தையில் ஒரே நேரத்தில் நூறு இருநூறு பேர் கூடுகிறார்கள். அத்தனை பேரின் அசைவையும் கணக்குப் போட அந்தப் பழைய ப்ராசஸருக்குத் தெம்பு இல்லை. பெண் ஒரு அடி வைப்பாள், நிற்பாள், இன்னொரு அடி வைப்பாள், நிற்பாள்.

அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தீங்களா? ஆஸ்பத்திரி வராண்டால இப்படித்தான் நடந்தா. கடைசி ஆறு மாசம். சுவத்தப் பிடிச்சுக்கிட்டு, நின்னு நின்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யே-ஸோல் என்பது அவள் பெயர். அதற்கு முந்தின நவம்பரில், இருபத்தாறு வயதில் இறந்துபோயிருக்கிறாள். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று திறந்தவருக்கு இந்த விளையாட்டு கண்ணில் பட்டிருக்கிறது. தோட்டத்தில் காரட் செடிகள் வாடியிருந்தனவாம். எந்தப் பொத்தான் தண்ணீர் ஊற்றும் என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்றாம். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மகளைச் சந்தைவரை நடத்திக் கூட்டிப்போய், திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து, விளக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு மூடுவாராம். அங்கே மட்டும்தான் அவள் ஓடுகிறாள் என்றார். புது மாற்றம் வந்து அதையும் கெடுத்துவிட்டது.

விளையாட்டுக் கம்பெனியிடம் சொல்லி அவள் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். பெயர் சொல்லாமல் ஒரு தடவை போன் செய்து விசாரித்தாராம். கணக்கு உரியவருக்கு மட்டும்தான், இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் மரியாதையோடு மூடிவிடுவோம் என்றார்களாம். பாஸ்வேர்டை மறந்தால் அவள் பெயரில் உள்ள போனுக்குத்தான் எண் வரும். அந்தப் போனை அவர் மார்ச்சில் ரத்து செய்துவிட்டார்.

"எனக்கு அவ பாஸ்வேர்டு தெரியாது. இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் அவளத் தெரியும்" என்றார்.

இதை அவர் சொன்னார், நான் கேட்டேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்த தப்பு என்று நான் பின்னால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மான்-சிக் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். அவர் கேட்கிறதையே போட்டுக் கொடுங்கள் அக்கா, புது போர்டு, புது ரேம், எல்லாம் புதிதாகப் போடுங்கள், மனுஷனுக்கு மனசு ஆறும் என்றான். தாக் இன்-ஹோவும் அதைத்தான் விரும்பினார். காரியத்துக்கு வந்தவர்கள் வெள்ளை உறையில் போட்டுக் கொடுத்த பணம் அப்படியே இருக்கிறதாம். அவள் பெயரால் வந்த பணம் அவள் காலுக்குப் போகட்டும் என்றார்.

நான்தான் விடவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் பத்து லட்சத்தைப் பிடுங்குவதா என்று எனக்குள் ஒரு வீம்பு. அவருடைய மதர்போர்டிலேயே உட்காரக்கூடிய கடைசி ரக ப்ராசஸர் ஒன்று உண்டு. சந்தைக் கூட்டத்தை அது அனாயாசமாகத் தாங்கும். கை மாறின சரக்கு, மான்-சிக்கிடமே ஒன்று இருந்தது. இரண்டு லட்சத்தில் மொத்த வேலையும் முடிந்துவிடும். மீதிப் பணத்தில் பல்லைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அவருடைய இரண்டு ஓட்டைப் பற்களைக் காட்டிச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். மான்-சிக், "இந்தம்மா கடைல பணம் கொடுக்கவும் சண்டை போடணும்" என்று முனகிக்கொண்டே சரக்கை எடுக்கப் போனான்.

சரியாகச் சொன்னோம் என்று எனக்கு அவ்வளவு திருப்தி. நல்லவள் என்கிற நினைப்பு தலைக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது.

அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று தெரிந்ததும், கீழே போய்க் குளிர்ந்த நூடுல்ஸாவது சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள் டிரைவர் ஐயா என்று விரட்டினேன். போகும்போது திரும்பி வந்து ஒன்று சொன்னார்.

"பாத்து முடிச்சதும் அவள வீட்டுக்குள்ள விட்டுட்டு மூடுங்க. வெளியில விட்டுடாதீங்க. எங்க விட்டோமோ அங்கயே நிப்பா."

சரி என்றேன்.

மாற்றுவதற்கு முன்னால் எவ்வளவு திணறுகிறது, மாற்றிய பிறகு எவ்வளவு சரியாகிறது என்று இரண்டையும் குறித்துக் காட்டுவது என் வழக்கம். அதற்காக அந்தப் பெண்ணை நானே சந்தைக்குள் நடத்தினேன். தீவிலும் மழை. மீன் கடை வரைக்கும் நின்று நின்று போனாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி, மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் விளையாட விடுகிற ஒரு விளையாட்டு நிலையத்தின் முதலாளி. அந்த வாரம் அவருடைய அறுபது கம்ப்யூட்டர்களுக்கு ப்ராசஸர் மாற்றிக் கொடுத்திருந்தேன், அதில் நாலு இன்னும் பாக்கி. ஏன் முடியவில்லை என்று காதைக் கிழித்தார். நானும் பதிலுக்குக் கத்திக்கொண்டே, அவள் நின்ற இடத்திலேயே விளையாட்டை மூடி, பெட்டியை அணைத்தேன். எப்படியும் வேலை முடிந்ததும் மறுபடி திறக்கத்தானே போகிறோம் என்று ஒரு நினைப்பு ஓடியது.

பழைய ப்ராசஸரைக் கழற்றினேன், துடைத்தேன், புதியதை உட்காரவைத்தேன், பசை தடவி ஃபேனை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மின்சாரம் கொடுத்ததும் கறுப்புத் திரையில் அந்தச் செய்தி வந்தது. என் தொழிலில் இருப்பவர்கள் ஆயிரம் தடவை பார்த்த செய்தி. புது ப்ராசஸர் போட்டிருக்கிறீர்கள், பழையதோடு சேர்ந்த பூட்டுச் சாவியை அழித்துவிடவா, டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் பிறகு திறக்காது என்கிற எச்சரிக்கை. அழிக்க விசைப்பலகையில் 'ஒய்' எழுத்து, அழிக்காமல் விட 'என்' எழுத்து.

விளையாட்டு நிலையத்துக் கம்ப்யூட்டர்களில் பூட்டே கிடையாது. அந்த வாரம் ஐம்பத்தாறு தடவை 'ஒய்' அழுத்தியிருந்தேன். ஐம்பத்தேழாவது தடவையும் விரல் தானாகப் போய் அழுத்தியது. கண் அந்த எச்சரிக்கையைப் படித்ததா என்று கேட்டால், படிக்கவில்லை.

அடுத்து நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கேட்டது.

யே-ஸோல் தன் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறாள். பிறந்தநாள் எண் வேறு, இந்தப் பூட்டு வேறு; போர்டில் சாவி இருக்கும்வரை இது தானாகத் திறந்துகொள்ளும், சாவி அழிந்தால் இந்த நீள எண்தான் வேண்டும். தன் பொருளை மற்றவர் நோண்டக் கூடாது என்று நினைக்கிற வயசுப் பெண், அதிலென்ன தப்பு? பூட்டியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டியவள் நான். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி என் முன்னால் திறந்தே இருந்தது. பூட்டைக் கழற்றி வைக்க இரண்டு நிமிஷம் போதும். கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆபீஸ் பெட்டியைக் கொண்டுவந்தால் அதைத்தான் முதலில் செய்வேன். விளையாட்டுக் கம்ப்யூட்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

நான் எழுந்திருக்காததைப் பார்த்து மான்-சிக் எட்டிப் பார்த்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எத அழுத்துனீங்க?" என்றான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேருமாகப் பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்டினோம். அதே நாற்பத்தெட்டு இலக்கம். சாவி அந்த போர்டிலிருந்து அழிந்துபோனால் போனதுதான், இந்தச் சந்தையில் யாராலும் கொண்டுவர முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் நாலு தடவை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தோம். மான்-சிக் ஒரு கேலியும் பேசவில்லை. இந்த இருபது வருஷத்தில் அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தாக் இன்-ஹோ இரண்டு மணி நேரம் கழித்து, கையில் எங்களுக்காகக் கிம்பாப் சோற்றுச் சுருள் இரண்டு பொட்டலத்தோடு வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நான் அழுத்தினேன், படிக்காமல் அழுத்தினேன், தப்பு என்னுடையது என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. அப்படியென்றால் எப்போது திறக்கும் என்று கேட்டார். திறக்காது என்றேன். அந்த எண் கிடைத்தால் மட்டும் திறக்கும், அவள் எங்காவது எழுதி வைத்திருக்கலாம், அவள் மின்னஞ்சலில் இருக்கலாம் என்றேன். மின்னஞ்சலைத் திறக்கவும் அவளுடைய போன் வேண்டும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கிம்பாப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாசம் பதினோராயிரம் வோன் போனுக்குக் கட்டிக்கிட்டிருந்தேன். யாரும் பேசாத போனுக்கு எதுக்குன்னு நான்தான் நிறுத்தினேன்" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

பணம் வாங்க மாட்டேன் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண் என்றால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம் என்று ஒரு காகிதத்தில் எட்டுக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். பெட்டி உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி, இளஞ்சிவப்புத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு வந்தார். யே-ஸோலின் நோட்டுகள், ஆஸ்பத்திரி அட்டை, வங்கிக் காகிதங்கள், மாத்திரை உறையின் பின்னால் கிறுக்கியது என்று எண் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக எடுத்து இதுவா என்று கேட்டார். இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். இல்லை என்று தெரிந்த எண்ணைக்கூட, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று சில தடவை அடித்துப் பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அவள் படித்த கல்லூரியில், அவள் வேலை பார்த்த பேக்கரியில், தோழிகளிடத்தில் எல்லாம் விசாரித்திருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. டிஸ்க்குகளைத் தோண்டி எடுக்கிற ஆட்கள் மூன்று பேரிடம் கொண்டுபோனேன். மூன்று பேரும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்கள்.

ஆகஸ்ட் முடிவில் ஒரு ஞாயிறு, பையில் எதுவும் இல்லாமல் வந்தார். பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"அன்னைக்கு நான் சொன்ன மாதிரி எல்லாத்தையும் புதுசாப் போட்டிருந்தா?"

நான் பொய் சொல்லாதவள் அல்லவா. உண்மையைச் சொன்னேன். புது போர்டு போட்டிருந்தால் பழைய போர்டும் பழைய ப்ராசஸரும் சாவியோடு அப்படியே தனியாக இருந்திருக்கும். டிஸ்க் பூட்டிக்கொண்டது தெரிந்ததும் பழையதில் திரும்ப மாட்டித் திறந்திருக்கலாம், ஒன்றும் போயிருக்காது என்றேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுவது தெரிந்தது, ஆனாலும் நிறுத்தாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"பல்லக் கட்டச் சொன்னீங்க" என்றார். எழுந்து போய்விட்டார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று இறங்கினார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவர் வரவில்லை. உண்மையைச் சொல்லி நான் என்ன சாதித்தேன் என்று அந்த ஐந்து வாரமும் யோசித்தேன். அவருக்கு அது எதற்கு உதவியது? எனக்குத்தான் உதவியது, நான் நேர்மையானவள் என்று இன்னொரு தடவை நினைத்துக்கொள்ள. மான்-சிக் ஒருநாள் என் கண்ணாடியிலிருந்த காகிதத்தை எடுத்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டான். இருக்கட்டும் என்றேன். அதற்கு நான் தகுதியில்லாதவள் என்று தினமும் கடை திறக்கும்போது தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த விளையாட்டில் நானும் ஒரு கணக்குத் திறந்தேன். ஐம்பத்தொரு வயதில். கடையில் கூட்டமில்லாத மதிய நேரங்களில் தீவில் இறங்கி, சந்தைக்குப் போய், மீன் கடைக்குப் பக்கத்தில் நிற்பேன். வெளியேறியவர்கள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். நூறு பேர் என்னை இடித்துக்கொண்டு ஓடுவார்கள். கையில் ஒரு குடை வாங்கி வைத்துக்கொண்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அறுவடைப் பண்டிகை முடிந்த வாரம், வியாழக்கிழமை மதியம், தாக் இன்-ஹோ வந்தார். மெலிந்திருந்தார். இளஞ்சிவப்புத் துணியை எடுத்து வந்திருந்தார். பண்டிகையன்று அவள் படத்துக்கு முன்னால் படையல் வைத்ததாகவும், பெட்டி வீட்டில் இல்லாதது அறையில் ஓட்டையாகத் தெரிகிறது என்றும், திறக்காவிட்டாலும் பரவாயில்லை, இருக்கட்டும் என்றும் சொன்னார். துடைத்து வைத்திருந்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் துணியை விரித்து நாலு முனையையும் கட்ட ஆரம்பித்தார். அவர் கைகள் முடிச்சில் இருந்தன. நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு நீங்கதான கடைசியா அவள நடத்துனீங்க?"

"ஆமா டிரைவர் ஐயா."

"வீட்டுக்குள்ள விட்டுட்டுத்தான மூடுனீங்க?"

தடுப்புக்கு அந்தப்பக்கம் மான்-சிக் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவனுக்குத் தெரியும், அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"வீட்டுக்குள்ளதான்" என்றேன். "வெளக்குப் பக்கத்துல உக்கார வச்சேன்."

"அங்க மழையாச்சே அன்னைக்கு."

"நனையவிடல. மழை வலுக்கறதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டேன்."

அவர் முடிச்சை இறுக்கினார். அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"கதவு?"

"சாத்திட்டேன்."

தலையை ஆட்டினார். பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டார். நான் கூடவே படிவரைக்கும் போனேன். கனமாக இருந்தால் கொடுங்கள் என்றேன், வேண்டாம் என்றார். கீழே சாலைக்கு அந்தப்பக்கம் பேருந்து வந்து நின்றது. அவர் ஏறி, பெட்டியை ஜன்னலோர இருக்கையில் வைத்துவிட்டு, தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து தெரிந்தது.